குறை சொல்லக் கூடாத கார்

அந்தக் காரைப் பார்த்து யார் என்ன குறை சொன்னாலும், சொன்னவர் வாயை மூடுவதற்குள் அந்தக் குறை அதற்கு வந்துவிடும். இதில் ஒளிவுமறைவு எதுவும் கிடையாது. அதைப் புதிதாக வாங்கிய பல் டாக்டரின் மனைவி, வெள்ளை கொஞ்சம் மங்கலோ என்று கேட்டாள். அந்த நிமிஷத்திலிருந்து அது சாம்பல் நிறக் கார். அடுத்து வாங்கிய வாத்தியார், ஹாரன் பூனை கத்துகிற மாதிரி இருக்கிறது என்று பக்கத்து வீட்டாரிடம் சொல்லிவைக்க, அன்று முதல் ஹாரன் அடித்தால் தெருப் பூனைகள் பதில் சொல்லின. மூன்றாவது ஆள் அதிகம் பேசாதவர். அவரிடம் அது வெகுகாலம் ஒரு கோளாறும் இல்லாமல் ஓடியது. அவர் வெளியூருக்குக் குடிபோனபோது, பழைய கார் வியாபாரி ஒருவரின் கொட்டகைக்கு வந்து சேர்ந்தது. அந்த வியாபாரிக்கு ஊர் வைத்த பெயர் ‘கடைசி விலை’. யாராவது வணக்கம் சொன்னால்கூட அவர் பதிலுக்குச் சொல்வது அதைத்தான்.

அந்த ஊரில் பழைய கார் வாங்கப் போகிறவர்கள் மெக்கானிக்கைக் கூட்டிப்போவதில்லை. குடும்பத்தில் யாருக்கு வாய் நீளமோ அவரைத்தான் கூட்டிப்போவார்கள். மெக்கானிக் இருக்கிற குறையை மட்டும்தானே சொல்வார், அதில் எவ்வளவு விலை குறைந்துவிடப் போகிறது? அதனால் தையல்காரர் ஒருவர் தன் அக்காவைக் கூட்டிக்கொண்டு போனார். அக்கா சாதாரணப்பட்டவள் இல்லை. ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளிந்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை, ஃபேன் ஒரு பக்கமாக இழுக்கிறது என்பது.

தையல்காரருக்குக் கார் ஆடம்பரம் இல்லை. மாடிப்படிக்குக் கீழே இருந்த அவர் கடையை மாதக் கடைசிக்குள் காலி செய்யும்படி சொல்லிவிட்டார்கள். வேறு கடைக்கு வாடகை கட்டுப்படியாகாது. மிஷினை டிக்கியில் வைத்துக்கொண்டு வீடுவீடாகப் போய்த் தைத்துக் கொடுப்பது என்று அவரும் மனைவியும் பேசி வைத்திருந்தார்கள். கார் ஓடினால் பிழைப்பு ஓடும். ஓடாவிட்டால், அவர் மாமனாரின் மாவு மில்லில் போய் நிற்க வேண்டும். அதைவிட ஊசியை விழுங்கலாம் என்பது அவர் கருத்து.

கொட்டகையில் கார்கள் வரிசையாக நின்றன. டயர்களுக்கெல்லாம் கறுப்பு மை பூசி, கண்ணாடியில் சாக்பீஸால் விலை எழுதியிருந்தது. சாம்பல் நிறக் காருக்கு எழுதியிருந்த விலையில் நாலு தையல் மிஷின் வாங்கலாம். கடைசி விலை நேர்மையான மனிதர். முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

“அம்மா, இது கொஞ்சம் ரோஷக்கார வண்டி. குறை சொன்னா மனசுல வாங்கிக்கும். சொன்னபடியே ஆயிடும்.”

“கேட்டியாடா தம்பி? வெலய எறக்காம இருக்க என்னெல்லாம் கத கட்றாங்க பாரு,” என்றாள் அக்கா. பிறகு காரை ஒரு சுற்று சுற்றி வந்து, “பம்பர் தொங்குது,” என்றாள்.

“எங்கம்மா தொங்குது?” என்று குனிந்த கடைசி விலையின் கால் விரலில் பம்பர் விழுந்தது. அவர் நொண்டிக்கொண்டே போய் விலையை அழித்துக் குறைத்து எழுதினார். அக்கா, கிளட்ச் வழுக்கும் என்றாள், வழுக்கியது. ஸ்டியரிங் ஆடும் என்றாள். விழப்போகிற பல் மாதிரி ஆடியது. புகை கக்கும் என்று அவள் சொன்னபோது சாவி கடைசி விலையின் சட்டைப்பையில் இருந்தது. ஆனாலும் கார் கக்கியது. ஆயுசில் முதல் முறையாகத் தான் சொன்னதெல்லாம் கண்ணெதிரே சரியாக இருப்பதைக் கண்ட அக்காவின் முகம் பொலிவடைந்துகொண்டே போனது. தையல்காரர் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தார். அவள் நிறுத்தவில்லை. கடைசியில் பெடல் இல்லாத ஒரு பழைய மிஷினின் விலைக்கு வியாபாரம் முடிந்தது. காரைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். வழியெல்லாம் அக்கா, “நான் வரலன்னா உன் தலையில மொளகா அரச்சிருப்பான்,” என்று சொல்லிக்கொண்டு வந்தாள்.

மெக்கானிக் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு மெதுவாக மூடினார். தையல்காரர் காரைப் புகழ்ந்து பார்த்தார். ஆனால் அவர் தொப்பை உள்ளவர்களிடம்கூட உங்களுக்கு எது போட்டாலும் எடுப்பாக இருக்கும் என்று சொல்லிச் சொல்லித் தொழில் செய்தவர். அந்தப் புகழ்ச்சிக்கு என்ன மதிப்பு என்று காருக்குத் தெரிந்திருந்தது. அது இருமக்கூட இல்லை. மாதக் கடைசி நெருங்கியது. மாமனார், மில்லில் ஒரு ஸ்டூலைத் துடைத்து வைத்திருப்பதாக ஆள் விட்டுச் சொன்னார்.

“அக்கா, ஒரே ஒரு நல்ல வார்த்த சொல்லேன். நீ சொன்னா அது நம்பும்.”

“எனக்குப் பொய் சொல்ல வராதுடா.”

“அண்ணி, பொய் வேணாம். எதாவது நல்லது இருக்கான்னு பாருங்க, இருந்தா சொல்லுங்க,” என்றாள் தையல்காரரின் மனைவி.

அக்கா முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து தேடத் தொடங்கினாள். பழக்கமில்லாத வேலை. சாப்பாட்டையும் அங்கேயே கொண்டுவரச் சொன்னாள். கண்ணாடியைப் பார்த்தாள், கதவைத் தடவினாள், பலமுறை வாயைத் திறந்து மூடினாள். வெயில் இறங்கும் நேரத்தில் யாரிடமும் என்றில்லாமல் பொதுவாகச் சொன்னாள்: “நான் அத்தன பேசினேன், ஒரு வார்த்த எதுத்துப் பேசலயே இது. நம்ம வீட்ல அப்படி ஒரு ஆள் உண்டா?”

சாவி போடாமலே இன்ஜின் ஓட ஆரம்பித்தது.

அதன்பின் வருஷங்கள் நன்றாகவே போயின. முன்சீட்டில் அக்கா, பின்சீட்டில் துணிமூட்டைகளுக்கு நடுவே மனைவி, டிக்கியில் மிஷின் என்று ஊர் முழுக்கத் தைத்தார்கள். அக்காவுக்குப் பாராட்டு பழகிவிட்டது. தினம் ஒன்று சொன்னாள். பம்பர் ஒட்டிக்கொண்டது, சாம்பல் வெள்ளையானது, ஹாரனுக்குப் பூனைகள் பதில் சொல்வதை நிறுத்தின. ஓடிய தூரம் காட்டும் மீட்டர் பின்னோக்கி ஓடியது. ஒரு காலையில் சீட்டுகளின் மேல் கம்பெனி பிளாஸ்டிக் உறை முளைத்திருந்தது; மீட்டர் பூஜ்யத்தைத் தொட இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. பூஜ்யத்தைத் தாண்டினால் கார் இன்னும் செய்யப்படாத கார் ஆகிவிடும். செய்யப்படாத காரின் டிக்கியில் மிஷினை எப்படி வைப்பது? தொழில் பழக்கத்தில் தையல்காரருக்குக் குறை சொல்ல வாய் வரவில்லை.

“அக்கா, சின்னதா ஒரு கொற சொல்லிடு.”

முன்சீட்டில் இருந்த அக்கா கதவைத் தடவிப் பார்த்தாள். “தங்கமான வண்டிடா. இதுல போய் என்னத்தச் சொல்றது?” என்றாள். மீட்டர் இன்னும் கொஞ்சம் இறங்கியது.

அப்போது மனைவி பின்சீட்டிலிருந்து, கொஞ்சமும் அவசரப்படாமல், “அண்ணி உக்கார்ற சீட்டுதாங்க சரியில்ல. ஸ்பிரிங் குத்தும்,” என்றாள்.

அக்கா துள்ளி எழுந்து கூரையில் தலையை இடித்துக்கொண்டாள். மீட்டர் ஒரு நிமிஷம் நின்று, முன்னோக்கி நகர்ந்தது. ஸ்பிரிங் இன்றுவரை குத்துகிறது. ஆனால் அக்காவுக்கு மட்டும்தான். அதனால் மனைவி முன்னால் உட்காருகிறாள், அக்கா துணிமூட்டைகளோடு பின்னால். கார் நன்றாக ஓடுகிறது.