ஓரத்தில் படுப்பவர்கள்

ஆயத்த ஆடைத் தொழிற்சாலையின் பெண்கள் விடுதியில் ஓர் அறைக்குள் பன்னிரண்டு தையல்காரிகள் அடைந்து கிடந்தார்கள். பொறுக்க மாட்டாமல் தொழிலாளர் அலுவலகத்தில் முறையிட்டபோது, அதிகாரி படம் கேட்டார். கதவில் முதுகு ஒட்ட நின்று கைப்பேசியில் எடுத்தும் நான்கு பேருக்கு மேல் விழவில்லை.

"நாலு பேர்தானே இருக்காங்க?" என்றார் அதிகாரி.

துண்டு துண்டாக எடுத்து இணைத்துக் கொடுத்தார்கள். விடுதிக் காப்பாளர் அதைப் பார்த்துவிட்டு, "ஒட்டுப்போட்ட படம் சார். இது எங்க விடுதியே இல்ல" என்று கையை விரித்தார். இன்னும் ஒரே ஒரு படம், அதுவும் ஆதாரமாக நிற்காவிட்டால் புகாரை மூடிவிடுவதாக அதிகாரி சொல்லிவிட்டார்.

"எப்படி மூடுறாங்கன்னு பாக்கலாம்" என்றாள் அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருத்தியான வாயாடி. தோழிகள் வைத்த பெயர் அது. அவளும் அதைப் பட்டம்போலச் சூடிக்கொண்டிருந்தாள். தம்பி வேண்டாமென்று தள்ளிய, லென்ஸ் மாற்றக்கூடிய பழைய டிஜிட்டல் கேமரா ஒன்று அவளிடம் இருந்தது. ஓர் அறையையே ஒரு சொடுக்கில் விழுங்கும் லென்ஸ் உண்டென்று கேள்விப்பட்டு, விடுமுறையன்று கேமராக் கடை ஏறினாள்.

கடைக்காரர் முதலில் காட்டிய ஃபிஷ்ஐ என்னும் மீன்கண் லென்ஸின் விலையைக் கேட்டதும், அதைத் தொட்ட விரலைக்கூட எடுத்துக்கொண்டாள். அடுத்து, இருக்கிற லென்ஸின் முன்னால் திருகிக்கொள்ளும் மலிவுக் கண்ணாடி ஒன்றை நீட்டினார். மாட்டிக் கடையையே ஒரு படம் எடுத்துப் பார்த்தாள்.

"நடுவுல சரி. ஓரமெல்லாம் கலங்கிப்போச்சே அண்ணே?"

"ஓரத்தை யாரும்மா பாக்கப்போறாங்க?"

"எங்க ரூம்ல எட்டுப் பேர் ஓரத்துலதான் படுக்கிறோம்."

அவர் அந்தக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பிறகு உள்ளே போய், உடம்பில் கீறல் விழுந்ததால் விலை குறைந்த, ஆனால் கண்ணாடி பழுதில்லாத பழைய ஃபிஷ்ஐ லென்ஸ் ஒன்றைக் கொண்டுவந்தார்.

"இது தானா ஃபோகஸ் பண்ணாது. கையால வளையத்தைத் திருப்பணும்."

"ஊசியில நூல் மட்டும் தானாவா கோத்துக்குது? கொடுங்கண்ணே."

மாட்டியதும், லென்ஸே இல்லை என்று கேமரா அடம்பிடித்தது. அவர் அமைப்பில் ஒன்றை மாற்ற, படம் விழுந்தது. ஓரம் வரை தெளிவாக விழுந்தது.

"இதுக்கு ஏன் மீன் கண்ணுன்னு பேரு?" என்று கேட்டாள்.

"மீனுக்குப் பக்கத்துல நிக்கிறதும் தெரியும்மா. ஒரு கொக்கு, 'நான் என்ன இது மூஞ்சிக்கு நேராவா நிக்கிறேன்'னு தைரியமா ஒதுங்கி நின்னுச்சாம். மீன் நழுவினதும், தண்ணி சரியில்லன்னு குத்தம் சொல்லிச்சாம். நீ எடுக்கும்போது உன் தோளே உள்ள விழுந்துடும், பாத்துக்க."

மறுநாள் வேலை முடிந்து எல்லோரும் அறையில் கூடியபோது, வாயாடி கதவோரம் நின்று வளையத்தைத் திருப்பினாள். சத்தம் கேட்டுக் காப்பாளர் சாவிக்கொத்தோடு நுழைந்தார்.

"படமா? எடுங்க, எடுங்க. நாலு பேர் போதும். மத்தவங்க எந்திரிச்சு வெளிய போங்க!"

ஒருத்தியும் அசையவில்லை. கேமரா எதிர்ச் சுவரைப் பார்த்திருந்ததால், தான் படத்தில் விழமாட்டோமென்று அவர் கேமராவுக்குப் பக்கத்தில் அரையடி முன்னே சுவரோடு ஒட்டி நின்று, சாவி பிடித்த கையால் வாசலைக் காட்டினார்.

"அங்கேயே நிக்கப்போறீங்களா சார்?"

"ஏன், நிக்கக் கூடாதா? இந்த விடுதிக்கு நான் காப்பாளர்!"

"தாராளமா நில்லுங்க" என்று பொத்தானை அழுத்தினாள்.

அலுவலகத்தில் அந்தப் படத்தைப் பார்த்ததும் காப்பாளர் சிரித்தார். "சுவரே வில்லு மாதிரி வளைஞ்சிருக்கு. எங்க சுவரெல்லாம் நேரா இருக்கும் சார். இது வேற ஏதோ ரூம்."

அதிகாரி பெண்களின் முகங்களை எண்ணினார், படமெடுத்த வாயாடியைத் தவிர மற்றப் பதினொன்றும் இருந்தன. பிறகு இடது ஓரத்தைப் பெரிதாக்கினார். அங்கே ஒருவர், தலை நீண்டு, வயிறு பெருத்து, வாயைப் பிளந்தபடி சாவிக்கொத்தை நீட்டிக்கொண்டிருந்தார். அதிகாரி படத்தையும் காப்பாளரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சுவர் வளைஞ்சுதான் விழும் சார்" என்றாள் வாயாடி. "ஆளு மாறி விழாது."

அதிகாரி எழுந்து, விடுதிக்குப் போக வண்டியை எடுக்கச் சொன்னார்.

வாசலில் காப்பாளர் பல்லைக் கடித்தார். "அந்தக் கேமரா இனிமே விடுதிக்குள்ள வரக் கூடாது."

வாயாடி லென்ஸின் மூடியைக் கழற்றினாள்.

"பக்கத்து ரூம்ல பதினாலு பேர் சார். நாளைக்கு அங்கதான் எடுக்கப்போறேன். நீங்களும் வந்து நில்லுங்க."