ஜீப் அட்டையும் கோர்ட் உத்தரவும்

...கிடைத்துவிட்டது, கிடைத்தேவிட்டது, சவாரி ஜீப் ஓட்டுவதற்கான அனுமதி அட்டை, என் படத்தோடு, என் பெயரோடு. முன் கண்ணாடியில் சாய்த்து வைத்திருக்கிறேன், வளைவுக்கு வளைவு சரிந்து மடியில் விழுகிறது, விழட்டும், எடுத்து வைக்கிற சாக்கில் இன்னொரு தடவை பார்த்துக்கொள்ளலாம். படத்தில் மூக்கு கொஞ்சம் அகலம். அதற்கென்ன, மூக்கைப் பார்த்தா டூரிஸ்டுகள் ஏறப்போகிறார்கள்? சூரியநெல்லிக்கு இன்னும் ஆறு கிலோமீட்டர், நான் வாடகைக்கு எடுத்த, சுடலை அண்ணனின் பழைய ஜீப் இன்றைக்கு முக்காமல் முனகாமல் ஏறுகிறது, நான் பாடுகிறேன், ராகம் எங்கேயோ போகிறது, தேயிலைக் கொழுந்து எடுக்கிறவர்கள் நிமிர்ந்து பார்க்கிறார்கள், பன்னிரண்டு வருஷம் நானும் அந்தக் காட்டில் நின்று இப்படித்தான் ஜீப்புகளைப் பார்த்தேன்...

இதற்கா ஒரு மாதம் அப்படிப் பயந்தேன்! உத்தரவு கையில் வந்த அன்றைக்கே, கோர்ட் வாசலில் வைத்து, சவாரி ஜீப் ஓட்டுகிற என் வீட்டுக்காரன் மணிகண்டன் சொன்னான், "கோர்ட்டுல பேரு விழுந்தவளுக்கு எவன்டி ஜீப்பு அட்டை குடுப்பான்?" அடித்தவன் அவன், அடிக்கக் கூடாது, கிட்டே வரக் கூடாது என்று உத்தரவு வாங்கியது நான், பிறகு எனக்கென்ன பயம்? ஆனால் எஸ்டேட்டில் பிறந்தவளுக்கு ஒன்று தெரியும், நம் பெயர் போட்டு ஆபீஸ் காகிதம் வந்தால் அது மெமோ, மெமோ வந்தால் தப்பு நம்முடையது, நல்ல சேதிக்கு யார் இங்கே காகிதம் செலவழித்தார்கள்? அதனால் விண்ணப்பத்தில் 'வழக்கு ஏதும் உண்டா' என்று கேட்ட இடத்தில் 'உண்டு' என்று எழுதி, உத்தரவு நம்பரையும் குண்டு குண்டாகப் போட்டு, அட்டைக்கு முன் விசாரிக்கிற போலீஸ் ஸ்டேஷனில் திருடி மாதிரி நின்றேன். பெண் போலீஸ் ஜின்சி படித்துவிட்டுத் தலையில் கை வைத்துச் சிரித்தாள். "என்ட சின்னத்தாய் சேச்சி, இது உங்க மேல உள்ள கேஸ் இல்ல, உங்களக் காக்கான் உள்ள உத்தரவாக்கும்." நான் எழுதிய 'உண்டு' மேல் ஒரே கோடு, அடித்துவிட்டாள். ஒரு மாதத் தூக்கத்தை அந்த ஒரு கோட்டில் திருப்பித் தந்த மகராசி! "அவன்மேலயும் இப்ப கிரிமினல் கேஸ் இல்ல. உத்தரவ மீறினா ஆகும், அப்ப அவன்ட அட்டைதான் போகும்." மீறுவது என்றால்? "உங்க வீடு, நீங்க வேலை செய்யற எடம், ரெண்டுலயும் அவன் வரப்பாடில்ல." வரக் கூடாதாம். பனியில் எழுந்து தேயிலைக்காட்டுக்கு வருகிற ஆளா அவன், என்று நானும் சேர்ந்து சிரித்தேன்...

இதோ சூரியநெல்லி ஜீப் ஸ்டாண்ட். "வா தாயி, எட்டாவது டர்ன் உனக்கு," என்கிறார் டர்ன் எழுதுகிற பெரியவர். ஏழாவது யார்? மணிகண்டன். பானெட்டில் சாய்ந்து டீ குடிக்கிறான். அவனுக்குப் பின்னால் ஜீப்பைக் கொண்டுபோய் நிறுத்துகிறேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை, கண்ணாடியில் இருக்கிற அட்டையைப் பார்க்கிறான், டீயைப் பாதியில் வைக்கிறான், ஜீப்பில் ஏறுகிறான், கிளம்பியே விட்டான். "ஏலே, அடுத்து உன் டர்னுலா, எங்கல போற?" பெரியவர் கத்துகிறார், அவன் திரும்பவில்லை. என்ன வந்தது இவனுக்கு? ஓ... வேலை செய்யும் இடம்! இன்றைக்கு முதல் இந்த ஸ்டாண்டுதானே நான் வேலை செய்யும் இடம்! எனக்கு இப்போதுதான் உறைக்கிறது, அவனுக்கு எப்போதோ உறைத்திருக்கிறது, நான் மடித்துப் பெட்டியில் வைத்த உத்தரவை அவன் வரி வரியாகப் படித்திருக்கிறான். ஏழாவது டர்ன் எனக்கு வந்துவிட்டது, நாலு பேர் பையும் தொப்பியுமாக ஏறுகிறார்கள், எனக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வருகிறது, சந்தோஷமாக இருக்கிறது, நிஜமாகவே சந்தோஷமாக இருக்கிறது... ஆனாலும் நாளைக்கு அவன் எந்த ஸ்டாண்டில் போய் நிற்பான்? அதை யோசிக்கிற வேலை எனக்கெதற்கு? ஒன்பது வருஷம் எந்த ஆளின் செருப்புச் சத்தத்துக்கு நான் பயந்தேனோ, அந்த ஆளுக்கு என்னைக் கண்டால் பயம்... எத்தனை நாளாக இந்தப் பயம், எனக்கே தெரியாமல்?