மூடியவர் பெயர்

லிபியா இறந்து எட்டு மாதம் கழித்து, அவள் வேலை பார்த்த ஆலையின் கணிப்பொறிப் பதிவுகளை ஒன்றோடொன்று இணைக்கும் வேலை அங்கேயே கணிப்பொறிப் பிரிவில் இருந்த அவள் கணவன் ரெக்ஸிடமே வந்தது. வேறு ஆளிடம் கொடுக்கட்டுமா என்று மேலாளர் குருமூர்த்தி கேட்டார். வேண்டாம் என்றான். அதற்காகத்தான் அவன் ஊருக்குத் திரும்பாமல் ஓசூரிலேயே கிடந்தான்.

நடந்தது ஆலையில் எல்லோருக்கும் தெரியும். பெயின்ட் ஷாப்பில் புகையை வெளியேற்றும் விசிறிகளை ஒரு சர்வர் ஓட்டுகிறது. அன்று மதியம் இரண்டேகாலுக்கு அது நின்றது, விசிறிகளும் நின்றன. தின்னர் ஆவி தேங்கிய அறைக்குள் தரச் சோதனைக்கு நுழைந்த லிபியா மயங்கி விழுந்தாள். நாற்பது நிமிடம் யாரும் பார்க்கவில்லை.

சர்வர் நின்றதைக் கண்காணிப்பு மென்பொருள் உடனே சொல்லியிருந்தது. அந்த ஷிப்டின் பொறுப்பாளர் சென்னகிருஷ்ணன், தேன்கனிக்கோட்டைக்காரர், வீட்டில் கன்னடம் பேசுகிறவர். எச்சரிக்கைக்குக் கீழே ஆங்கில எழுத்தில் ‘ஆயித்து’ என்று தட்டியிருந்தார். அடுத்த நிமிடம் எச்சரிக்கை மூடப்பட்டது. மூடாமல் இருந்திருந்தால் பத்து நிமிடத்தில் ஆலை முழுக்கச் சைரன் அலறியிருக்கும்.

செய்யாத வேலையைச் செய்து முடித்ததாக எழுதி, எச்சரிக்கையையும் மூடிவிட்டார் என்பதுதான் அவர் மேல் குற்றச்சாட்டு. நான் மூடவில்லை என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார். மூடியவர் பெயர் என்ற இடத்தில் ‘சப்போர்ட்’ என்று மட்டும் இருந்தது. அது பன்னிரண்டு பேர் பயன்படுத்தும் பொது லாகின். அவர்தான் மூடியிருப்பார் என்று முதலில் சொன்னவன் ரெக்ஸ். அவரை இடைநீக்கம் செய்தார்கள். கடைசி விசாரணை இந்த வியாழக்கிழமை.

எது நின்றது என்று கண்காணிப்பு மென்பொருளுக்குத் தெரியும். யார், எந்தக் கணிப்பொறியிலிருந்து என்ன செய்தார் என்பது லாகுகள் எனும் பதிவேடுகளுக்குத்தான் தெரியும். இரண்டும் ஒரே அறையில், பேச்சு வார்த்தை அற்றுப்போன பங்காளிகள் போலக் கிடந்தன. இரண்டையும் ஒரு பகுப்பாய்வுக் கருவிக்குள் கொண்டுவந்து நேர வரிசையில் நிறுத்தினால், சென்னகிருஷ்ணனின் கணிப்பொறி எண் அந்த வரியில் வந்து நிற்கும். ரெக்ஸுக்கு அது போதும்.

மூன்று நாள் ஆயிற்று. முதலில் ஒரு வரிகூடப் பொருந்தவில்லை. லாகுகள் உலக நேரத்தில் ஓடியதால் எல்லாம் ஐந்தரை மணி நேரம் பின்னால் கிடந்தன. அதைச் சரிசெய்ததும், வியாழன் காலை, வரிகள் தாமாகவே ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து உட்கார்ந்தன.

2.15 சர்வர் நின்றது. 2.16 ஆயித்து, சென்னகிருஷ்ணன். 2.17 மூடப்பட்டது, சப்போர்ட், கணிப்பொறி எல் 41.

அது அவனுடைய மடிக்கணினி. தெரிந்தும் அதைத் திருப்பி அடியில் ஒட்டியிருந்த எண்ணைப் பார்த்தான்.

மூடியது ஞாபகம் இல்லை. லிபியா விழுந்த அன்று, மறுநாள் வெளியிலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள், திரை முழுக்கப் பச்சையாக இருக்க வேண்டும் என்று உத்தரவு. வேலை முடிந்தது என்று எழுதியிருக்கும் எச்சரிக்கைகளை எல்லாம் மூட வேண்டும். அன்று அவன் மூடியவை அறுபத்து மூன்று. அதில் இது ஒன்று.

பக்கத்து இருக்கை அனிதாவிடம், ஆயித்து என்றால் என்ன என்று கேட்டான். அவள் பாகலூர்க்காரி, கன்னடம் தெரிந்தவள்.

“முடிஞ்சுதுன்னும் சொல்லலாங் சார். ஆனா நீங்க ஒரு வேலை சொல்லி, நாங்க ஆயித்துன்னா, சரி, பாக்கறேன்னு அர்த்தம்.”

ஆறு வருடமாக ஆலை வாசலுக்கு எதிரே டீக்கடையில் கேட்டுக்கொண்டிருக்கும் சொல். ரெண்டு டீ என்றால் கடைக்காரர் ஆயித்து என்பார். டீ அதற்கப்புறம்தான் வரும்.

குருமூர்த்தி அட்டவணையைப் பார்த்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“கணிப்பொறி நம்பர் இருக்கற பத்திய எடுத்துரு ரெக்ஸு. ஏற்கெனவே பட்டது போதும் உனக்கு.”

ஒரே ஒரு சொடுக்கு. எடுத்துப் பார்த்தான். அட்டவணை லட்சணமாகத்தான் இருந்தது. திரும்பக் கொண்டுவந்து அச்சடித்தான்.

விசாரணை அறைக்கு வெளியே சென்னகிருஷ்ணன் உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை. ரெக்ஸைப் பார்த்ததும் பழக்கத்தில் எழுந்தார். தாளை வாங்கி விரல் வைத்துப் படித்தார்.

“எல் நாப்பத்தொண்ணு யாருது சார்?”

“என்னுது.”

விரல் அந்த வரியிலேயே நின்றது.

“நான் சர்வரப் பாக்கக் கௌம்பிப் பாதி தூரம் போயிட்டேன் சார். போனப் பாத்தா மூடியாச்சுன்னு இருந்துது. யாரோ இங்கிருந்தே சரி பண்ணிட்டாங்கன்னு திரும்பிட்டேன்.” குரல் ஏறவில்லை. “மூணு தடவ சொன்னேன். ஒருத்தரும் எழுதிக்கல. எங்க ஊரு பஸ்ல எம்பக்கத்துல யாரும் உக்கார்றதில்ல, தெரியுங்களா?”

ரெக்ஸ் மன்னிப்புக் கேட்கவில்லை. வாசலில் நின்ற ஆள் உள்ளே வரச்சொன்னார். சென்னகிருஷ்ணன் தாளை அவனிடமே திருப்பிக் கொடுத்தார்.

“நீங்க போயிச் சொல்லுங்க.”

மேசைக்குப் பின்னால் மூன்று பேர். இறந்தவளின் கணவன் என்று மூவரும் எழுந்து நின்றார்கள். ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். இன்னொருவர் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். ரெக்ஸ் உட்காரவில்லை. தாளை அவர்கள் பக்கம் திருப்பி வைத்து, எந்த வரியைப் படிக்க வேண்டும் என்று காட்டினான்.