இரண்டாவது சிலிண்டரின் காற்று

கார் எஞ்சினின் மற்ற மூன்று சிலிண்டரிலும் அமுக்கம் பார்க்கும் மீற்றர் முள் துள்ளிக்கொண்டு ஏறியது. அந்தப் பாழாய்ப்போன இரண்டாவதில் மட்டும் பாதியில் நின்று, ஏறமாட்டேன் என்று அடம்பிடித்தது.

"இன்னொருக்கா பாருங்க காக்கா," என்றான் இஹ்ஸான்.

கராஜ்காரர் பக்கீர் முகைதீன் காக்கா மறுபடியும் பார்த்தார். இஹ்ஸானின் காரின் எஞ்சினைப் பிரித்து, பிஸ்டனுக்குப் புது ரிங் போட்டுக் கட்டியவர் அவர்தான். அவருக்கும் மனம் கேட்கவில்லை. பிளக் துவாரத்துக்குள் கொஞ்சம் ஒயில் விட்டுச் சுழற்றினார். ரிங்கில் பழுதென்றால் ஒயில் அடைத்து முள் ஏறவேண்டும். எங்கே ஏறியது? நின்ற இடத்திலேயே நின்றது.

சாய்ந்தமருதில் இஹ்ஸான் இருக்கும் வீடு மனைவி ஸம்றாவுக்கு அவள் வாப்பா கொடுத்தது. அவனுக்கென்று இருந்தது இந்தக் கார் ஒன்றுதான். இது வாடகைக்கு ஹயர் ஓடினால் ஸம்றா வீட்டில் இருப்பாள். ஓடாவிட்டால் குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போவாள். ஏஜென்சிக்காரனுக்கு இன்று அஸர் தொழுகைக்குள் பதில் சொல்லவேண்டும். "கார் ஓடும் புள்ள, நீ போகத் தேவையில்ல" என்று இத்தனை நாளும் நெஞ்சை நிமிர்த்திக் கதைத்துக்கொண்டிருந்தான், பெரிய ஆளாட்டம்.

"டயருக்கு அடிக்கிற காத்தக் குடுத்துப் பாப்பம்," என்றார் காக்கா.

பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, கம்ப்ரஷர் குழாயைப் பிளக் துவாரத்தில் பூட்டினார். உள்ளே போகிற காற்று எந்த வழியாய் வெளியே வருகிறதோ, அங்கேதான் கோளாறு. இஹ்ஸான் சைலன்சரில் காதை வைத்தான். சத்தமில்லை. காபுரேட்டர் வாயில் வைத்தான். இல்லை. ஒயில் மூடியைத் திறந்தான். அங்கும் இல்லை. அப்படியென்றால் வால்வும் நல்லது, ரிங்கும் நல்லது! கொஞ்ச நேரம் அவன் முகம் மலர்ந்தது. பைத்தியக்காரன்.

ரேடியேட்டர் தண்ணீரில் குமிழி வந்தது. முதலில் ஒன்று, பிறகு கொதிக்கிற சோற்றுப்பானை போல நிற்காமல் வந்தது. சிலிண்டரின் காற்று தண்ணீர் ஓடும் வழிக்குள் போய்க்கொண்டிருந்தது.

"ஹெட்டுக்குக் கீழ இரிக்கிற கேஸ்கட்டாக்கும் காக்கா?"

"ரெண்டு தரம் மாத்திட்டன். ஹெட்டும் நல்லா இரிக்கி. எஞ்சின்ட உடம்பு, புளொக்தான் வெடிப்பு விட்டிரிக்கி." காக்கா அவனைப் பார்த்தார். "அண்டைக்கு எஞ்சின் கொதிக்கக்குள்ள பச்சத்தண்ணி ஊத்தினியா?"

ஊற்றினான். சவளக்கடையிலிருந்து பிள்ளை நோவோடு ஒருத்தியை ஏற்றிவந்த நாள் அது. சூட்டு முள் சிவப்பில் நின்றும், நிறுத்தாமல் ஆஸ்பத்திரி வாசல் மட்டும் ஓட்டினான். அங்கே ஆவி பறக்கப் பறக்க ஒரு வாளித் தண்ணீரை விட்டான். நல்லது செய்யப் போனவனுக்கு வந்த கதியைப் பாருங்கள்.

"வேற புளொக் எடுக்கேலாதா?"

"இந்த மொடலுக்கு எங்கயும் இல்ல தம்பி. நானும் கேட்டுக் கேட்டு அலுத்துட்டன்."

அந்த நேரம் பார்த்து ஸம்றா மகளைக் கையில் பிடித்துக்கொண்டு கராஜுக்குள் வந்தாள். இஹ்ஸான் சட்டென்று ரேடியேட்டர் வாயை உள்ளங்கையால் பொத்தினான். விரலிடுக்கால் தண்ணீர் பீறிட்டது.

"கைய எடுங்க. நான் கண்டுட்டன்," என்றாள்.

கோபமில்லாமல்தான் சொன்னாள். அதுதான் அவனைக் கொன்றது. அங்கேயே நின்று போனை எடுத்து, "ஓம், நான் வாறன்" என்று ஏஜென்சிக்காரனுக்குச் சொன்னாள்.

புறப்படும் நாளன்று அவளை விமான நிலையத்துக்கு ஏற்றிப்போக அடுத்த தெருப் பஸாலின் வேன் வந்தது. மகள் நுஸ்ஹா உம்மாவின் அபாயாவை விடமாட்டேன் என்று கதறினாள். விரல் விரலாகப் பிரித்துத்தான் இஹ்ஸான் அவளைத் தூக்கினான். வேன் புறப்பட்டது. பாழாய்ப்போன காது, கேட்காமல் இருக்குமா? வேனின் நாலு சிலிண்டரும் ஒரே சீராய் அடித்தன. தெரு முடியும் மட்டும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றான்.