கீதம் இல்லாத அணி

2016 செப்டம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. ஒஸ்லோவின் ரொம்சோஸ் பகுதியில் ஓர் அடுக்குமாடியின் நிலவறையிலிருந்து இணையத்தில் ஒலிக்கும் தமிழ் வானொலியில், பாட்டு நிகழ்ச்சி நடத்துபவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. வானொலியை நடத்தும் ஜெகதீஸ்வரன் தனுஷாவைக் கூப்பிட்டார். வைத்தியசாலையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை அவளுக்கு. வாரத்தில் ஒரு நாள் அங்கே செய்தி வாசிப்பாள். மிச்ச நேரமெல்லாம் ஐஸ் ஹொக்கி; பெண்கள் அணியொன்றின் கோல்காப்பாளர் அவள்.

"பின்னேரத்தைச் சமாளிப்பியோ தங்கச்சி?"

"ஓம் அண்ணை. ஆனா பாட்டு வேண்டாம். ஏழு மணிக்கு உலகக் கிண்ண அரையிறுதி. அதைத் தமிழிலை சொல்லட்டோ?"

அவர் சிரித்தார். "கிரிக்கெட் எண்டாலும் பரவாயில்லை. ஐஸ் ஹொக்கி எங்கடை சனத்துக்கு விளங்குமோ?"

"விளங்கப் பண்ணுறன்."

பலகை மேசையில் ஒலிவாங்கிக்கு எதிரே சின்னத் தொலைக்காட்சியை வைத்துக்கொண்டு, ஆட்டம் தொடங்குமுன் அவள் கதையை ஆதியிலிருந்து சொன்னாள். ஒரு காலத்தில் உலகப் போட்டிகளிலும் ஒலிம்பிக்கிலும் சம்பளத்துக்கு விளையாடுபவர்களைச் சேர்ப்பதில்லை. உலகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்கள் பலர் தங்கள் நாட்டுக்காக ஆட முடியாமல் இருந்தார்கள். 1976இல் கனடாவில் ஆறு நாடுகளைக் கூப்பிட்டு, யாரும் வரலாம் என்று ஒரு கிண்ணத்தை வைத்தார்கள். ஐந்து முறை நடந்த அந்தக் கிண்ணம்தான் 1996இல் உலகக் கிண்ணம் என்று பெயர் மாறியது. 2004இல் ஒருமுறை நடந்தது. பிறகு பன்னிரண்டு வருடம் சத்தமேயில்லை. இப்போது ரொறன்ரோவில்.

"இண்டைக்கு ஆடுற ரெண்டு அணியிலை ஒண்டு சுவீடன்," என்றாள். "மற்றது ஒரு நாடே இல்லை. தனிய ஒரு அணி அனுப்ப ஏலாத எட்டு ஐரோப்பிய நாடுகளிலையிருந்து பொறுக்கிச் சேர்த்த ஆக்கள். நோர்வேயிலையிருந்து ஒரே ஒராள். அவர் ஒஸ்லோக்காரர்."

ஜெகதீஸ்வரன் தன் ஒலிவாங்கியைக் கிட்ட இழுத்தார். "அப்ப ஆட்டத்துக்கு முதல் என்ன தேசிய கீதம் பாடுவினம்?"

"அவைக்கெண்டு ஒரு தேசிய கீதம் இல்லை அண்ணை."

தொலைக்காட்சியில் எட்டு நாட்டுக்காரர்கள் ஒரே நிறச் சட்டையில் தோளோடு தோள் நின்றார்கள்.

"முதல் ரெண்டு பயிற்சி ஆட்டத்திலையும் படுதோல்வி," என்று அவள் தொடர்ந்தாள். "எல்லாரும் பகிடி பண்ணிச்சினம். பிறகு முதல் ஆட்டத்திலையே அமெரிக்காவை வெண்டவை."

ஆட்டம் தொடங்கியதும் அவள் திணறினாள். பத்து வயதிலிருந்து இந்த விளையாட்டை நோர்வேஜிய மொழியில்தான் யோசித்திருக்கிறாள். தமிழில் வாய் பின்தங்கியது. கறுப்பு றப்பர் வட்டு என்று சொல்லி முடிக்குமுன் வட்டு மற்ற முனைக்குப் போய்விட்டது. "வட்டு" என்று சுருக்கினாள். பிறகு மட்டை, வலை, வெட்டித் திரும்பினான், மறிச்சுப்போட்டான் என்று சொற்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன.

சுவீடன் முதல் கோலை அடித்தது. எட்டு நாட்டணி சமப்படுத்தியது. கடைசிப் பகுதியான மூன்றாம் பகுதி தொடங்கிய கையோடு முந்தியும் விட்டது. தொலைபேசி அடித்தது. நகரின் மறுகோடியான பியோர்ண்டாலிலிருந்து யோகாம்பாள் என்றொரு பெண்.

"பிள்ளை, அந்த வலைக்கு முன்னாலை நிக்கிற பெடியன் களைக்கேல்லையோ?"

"இல்லை அன்ரி. இன்னும் மறிச்சுக்கொண்டுதான் நிக்கிறார்."

"சரி, சரி. நீ சொல்லு. நான் அடுப்பை நிப்பாட்டிப்போட்டு இருக்கிறன்."

முடிய ஐந்து நிமிடமும் இல்லை, சுவீடன் சமப்படுத்திவிட்டது. கூடுதல் நேரம். அடுத்த கோல் எவருக்கோ, அவர்களுக்கே ஆட்டம்.

சுவீடன் அலைபோல வந்தது. கோல்காப்பாளர் முழங்காலில் விழுந்தார், எழுந்தார், மறுபடி விழுந்தார். கண்ணுக்குத் தெரியாத வட்டை உடம்பு எப்படியோ அறிந்து போய் மறித்தது. தனுஷா இதே இடத்தில் ஆயிரம் முறை நின்றவள். ஆனாலும் இது வேறு. அவளுக்குப் பேச்சு நின்றுபோனது. கையைக் கன்னத்தில் வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். ஒலிவாங்கியில் சறுக்குச் சப்பாத்துகளின் கீறலும் மட்டைச் சத்தமும் மட்டும் போயின. ஜெகதீஸ்வரனும் அவளைத் தட்டி எழுப்பவில்லை.

ஒரு ஸ்லோவாக்கியர் வலைக்கு முன்னால் வட்டைத் தள்ளினார்.

"உள்ளை போயிட்டுது," என்றாள் மெதுவாக. பிறகு குரல் உடைந்தது. "உள்ளை போயிட்டுது அண்ணை. எட்டு நாடும் இறுதிக்குப் போயிட்டுது."

வெளியே அப்பா தில்லைநாதனின் கார் நின்றது. அவளை ஏற்ற வந்தவர், வானொலியைக் கேட்டபடி இறங்காமலே இருந்திருக்கிறார். அவள் ஏறியும் அவர் காரை எடுக்கவில்லை.

"நீயும் உப்பிடித்தானோ நிக்கிறனி? விழுந்து, எழும்பி?"

"ஓம் அப்பா. உவ்வளவு கெட்டித்தனமாய் இல்லை."

"பத்து வயசிலையிருந்து உன்னைக் கூட்டிக்கொண்டு போறன். வெளியிலை காருக்குள்ளை இருந்து நித்திரை கொள்ளுவன். உள்ளை உப்பிடி ஒண்டு நடக்குதெண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை."

அவளும் சொன்னதில்லை. எந்த மொழியில் சொல்வதென்று அவளுக்கும் இன்றுவரை தெரிந்திருக்கவில்லை.

மூன்று ஆட்டங்கள் கொண்ட இறுதியில் கனடா முதல் இரண்டையும் வென்றது. இரண்டாவதில் கடைசி நேரம்வரை எட்டு நாட்டணிதான் முன்னால் நின்றது. கடைசி மூன்று நிமிடத்துக்குள் எல்லாம் கைநழுவியது. அத்தோடு அந்த அணி கலைந்தது. வீரர்கள் அவரவர் கழகங்களுக்குத் திரும்பினார்கள்.

ஒக்டோபரில் தனுஷாவின் அணிக்கு முதல் ஆட்டம். தில்லைநாதன் குளிர்க் கோட்டும் தொப்பியுமாக உள்ளே வந்து, மகளின் வலைக்குப் பின்னால் கண்ணாடிச் சுவரோடு நின்றார். யாரோ அடித்த வட்டு நேரே அவர் முகத்துக்கு எதிரே கண்ணாடியில் மோதியது. இரண்டடி பின்னால் பாய்ந்துவிட்டார். பிறகு திரும்பி வந்து, கையுறையைக் கழற்றி, இன்னும் அதிர்ந்துகொண்டிருந்த கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தார்.