கீரைக்குப் போகும் படகு

வெள்ளைப் படகில் மணல் மூட்டைகளை ஏற்றினார்கள். சாம்பல் நிறப் படகில் ஆட்களை ஏற்றினார்கள். துவாக்குடி தாண்டியிருந்த ஏரிக்கரையில் நின்று அதைப் பார்த்ததுமே கேத்தரினுக்கு ஏதோ உறுத்தியது.

மூட்டை சுமந்தவன் அவள் தம்பி அற்புதசாமி. அந்தப் படகுகளைச் செய்த ஃபைபர் பட்டறையில் வேலை. தேய்த்த தூசி ஒட்டி முழங்கை வரைக்கும் தோல் சிவந்து தடித்திருந்தது. மூட்டையை இறக்கிவிட்டுத் திரும்பும்போதெல்லாம் சொறிந்துகொண்டே வந்தான்.

சென்னை முதலாளி ஒருவர் கடலுக்குள் மிதக்கிற வீடு கட்டிக்கொண்டிருந்தார். கரையிலிருந்து படகில் முக்கால் மணி நேரம். எந்த ஊர்க் கரை என்று கேட்டால், "எல்லாம் நம்ம கிழக்குக் கடல்தாம்மா" என்று மேனேஜர் பீமராவ் பேச்சை முடித்துவிடுவார். அந்த வீட்டுக்குச் சமையல்காரி தேவை என்று தம்பி வந்து சொன்னபோது கேத்தரின் ஊர் பேரெல்லாம் கேட்கும் நிலையில் இல்லை. காலேஜ் ஹாஸ்டல் மெஸ்ஸைக் காண்ட்ராக்டுக்கு விட்டு அவளை வீட்டுக்கு அனுப்பி நான்கு மாதமாகியிருந்தது. கணவர் மார்ட்டின் முதுகு ஆபரேஷனுக்குப் பிறகு லாரி ஏறவில்லை. காட்டூர் வீட்டில் பெல்ட் கட்டிக்கொண்டு படுத்திருந்தார்.

இன்றைக்குப் படகுத் தேர்வு; ஆபத்து வந்தால் அந்த வீட்டிலிருந்து ஏறித் தப்பிக்க வேண்டிய படகுகளை ஓட்டிப் பார்க்கும் நாள். வேலைக்கு எடுத்தவர்களும் வந்து உட்கார்ந்து காட்ட வேண்டும் என்று உத்தரவு. வீடு துடைக்கச் சேர்ந்திருந்த பவித்ரா சாம்பல் படகில் கேத்தரினை ஒட்டி உட்கார்ந்தாள்.

"ஏன்க்கா, நம்மள அந்த வெள்ளையில ஏத்தல?"

"நம்மளவிட மூட்டை மரியாதையா உட்காரும்னு நினைச்சிருப்பாங்க."

பவித்ரா சிரித்தாள். பீமராவ் சிரிக்கவில்லை. "அது முதலாளி குடும்பத்துக்கும்மா. அவங்க எடைக்குத்தான் அந்த மூட்டை. ஆறு பேரு, ஆறு சீட்டு. மேல மூடி இருக்கு, கவிழ்ந்தாலும் நிமிர்ந்துக்கும். சாவி சார்கிட்டயே இருக்கும்."

"எங்களுக்கு?"

"நீங்க உட்கார்ந்திருக்கிறதுதான். சாமான் ஏத்திட்டு வர்றதும் இதுதான், ஆபத்துன்னா நீங்க ஏறிக்கிறதும் இதுதான். ரெண்டு வேலைக்கும் ஒரே படகு."

கரையில் மூன்றாவதாக ஒரு டிரம் கிடந்தது. தண்ணீரில் உருட்டிவிட்டால் தானாகவே காற்றடைத்துக் கூடாரம்போல விரியும் ரப்பர் மிதவை உள்ளே இருந்தது. வேலைக்காரர்களுக்கு இதை வைக்கலாம் என்று பட்டறை முதலாளியே வரவழைத்திருந்தார். பீமராவ் அதைக் காலால் லேசாகத் தள்ளினார்.

"இது வேணாம்ப்பா. மேல்தளத்துல டிரம் நின்னா அசிங்கமா இருக்கும்னு மேடம் சொல்லிட்டாங்க. போட்டோ பார்த்ததுமே வேணாம்னுட்டாங்க."

கேத்தரின் ஹாஸ்டல் கிச்சனில் பாலை ஊற்றிப் பார்க்காமல் வாங்காதவள். வாயை அடக்க முடியவில்லை.

"சார், காய் வாங்க இந்தப் படகு கரைக்குப் போயிருக்கும்போது ஏதாவது ஆச்சுன்னா நாங்க எதுல ஏறுறது?"

"திரும்பி வந்துடும்மா."

"போக முக்கால் மணி, வர முக்கால் மணி. கிச்சன்ல தீப்பிடிச்சா அதுவரைக்கும் பொறுத்துக்குமா சார்?"

பீமராவ் செல்போனிலிருந்து கண்ணை எடுத்து அவளை முழுசாகப் பார்த்தார். "கேத்தரினம்மா, நெகட்டிவா பேசுற ஆளு வேணாம்னு மேடம் முதல்லயே சொல்லியிருக்காங்க. உங்க தம்பி கேட்டாரேன்னுதான் நான் எடுத்தேன்."

சாம்பல் படகு ஏரியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. பீமராவ் கட்டைவிரலை உயர்த்தினார். அவ்வளவுதான், தேர்வு முடிந்தது.

பஸ் ஸ்டாப் வரைக்கும் தம்பி கூடவே வந்தான்.

"வேணாம்னு சொல்லிடுக்கா. வேற பார்த்துக்கலாம்."

"நாலு மாசமா பார்த்துக்கிட்டுத்தானடா இருக்கோம். அத்தான் மருந்துச் செலவை நீயா பார்த்துப்ப?"

அவன் கையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

பஸ்ஸில் வரும்போதுதான் அவளுக்கு ஒரு யோசனை தோன்றியது. படகு கரைக்குப் போவது எதற்கு? காய்க்கு. காய் கெடாமல் இருந்தால் படகு எதற்குப் போகிறது? வீட்டோடு கட்டித்தானே கிடக்கும். என்ன சமைப்பது என்பது சமையல்காரி கையில் இருக்கிறது. அது போதும்.

அடுத்த வாரம் முதலாளியின் மனைவியான மேடம் பெருமாள் சேவிக்க ஸ்ரீரங்கம் வந்தார். அம்மாமண்டபம் சாலையில் அவர்களுக்கு ஒரு ஃபிளாட் இருந்தது. கேத்தரின் அங்கே சமைத்துக் காட்ட வேண்டும். பவித்ராவும் வந்திருந்தாள். காந்தி மார்க்கெட்டில் கேத்தரின் வாங்கியதெல்லாம் சேனை, பூசணி, உருளை, சின்ன வெங்காயம், சுண்டைக்காய் வற்றல்.

"பச்சையா ஒண்ணுமே இல்லையேக்கா."

"பச்சை ரெண்டு நாள்ல அழுகிடும். இது பத்து நாள் கிடக்கும்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "பத்து நாளைக்கு ஒருதரம் படகு போனா போதும், புரியுதா?"

பவித்ராவுக்குப் புரிந்தது. பூசணியை அவளே தூக்கிக்கொண்டாள்.

வற்றல் குழம்பை மேடம் இரண்டாம் முறை கேட்டு ஊற்றிக்கொண்டார். சேனை வறுவலில் ஒரு துண்டுகூட மிஞ்சவில்லை. பீமராவுக்கே ஏப்பம் வந்தது. கதவோரம் நின்றிருந்த கேத்தரினின் தோள் கொஞ்சம் தளர்ந்தது.

"கை நல்லா இருக்கு ராவ். இவங்களையே வச்சுக்கலாம்," என்றார் மேடம். "ஒண்ணே ஒண்ணுதான். சாருக்குத் தினம் கீரை வேணும். டாக்டர் சொன்னது. முந்தின நாள் கீரைன்னா தட்டைத் தள்ளி வச்சிடுவார்."

"ஃபிரிட்ஜுல வச்சு மறுநாளைக்கு..." என்று கேத்தரின் ஆரம்பித்தாள்.

"கண்டுபிடிச்சிடுவார்ம்மா. காலையில பறிச்சதா இருக்கணும்."

"அதுக்கென்ன மேடம், போட் தினமும் போயிட்டு வந்துடும்," என்றார் பீமராவ். பிறகு கேத்தரின் பக்கம் திரும்பினார். "உங்க கைக்குக் கீரை எத்தனை மணிக்கு வரணும்? சொல்லுங்க, அதுப்படி ஏற்பாடு பண்ணிடலாம்."

பவித்ரா தட்டு கழுவுவதை நிறுத்திவிட்டாள். குழாயில் தண்ணீர் மட்டும் கொட்டியது. மேடம் காத்திருந்தார்.

"பத்து மணிக்கு வந்தா போதும் சார்," என்றாள் கேத்தரின்.

கோவில் வாசலில் வாங்கிய அரைக்கீரைக் கட்டு ஒன்றை மேடம் மேசையில் வைத்தார். ராத்திரிக்கு இதைக் கடைந்துவிடச் சொன்னார். கேத்தரின் தரையில் முறத்தைப் போட்டு உட்கார்ந்தாள். வேரில் காவிரி மண் இன்னும் ஈரமாக ஒட்டியிருந்தது. பவித்ரா கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்து பாதிக் கட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், பழுத்த இலைகளை ஒதுக்கி, ஒவ்வொன்றாக ஆய்ந்தார்கள்.

பால்கனியில் பீமராவ் படகோட்டியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். "அந்தச் சாம்பல் போட்டை எடுத்துக்கிட்டு தினமும் காலையில கிளம்பிடணும்ப்பா, ஹாலித். பத்து மணிக்குக் கீரை கைக்கு வரணும். நான் சொல்லல, சமையக்கட்டுல இருந்தே சொல்லிட்டாங்க."