கருப்பட்டி லேபிளில் நாலு வரி

அப்பா மூன்றாவது தடவையாக எழுந்து பாத்ரூமுக்குப் போனபோது மணி ஒன்று இருபது. அனுப்பிரியா விளக்கை அணைத்துவிட்டுப் படுத்திருந்தாளே தவிர தூங்கவில்லை. பத்தே முக்காலுக்கு ஒரு தடவை, பன்னிரண்டு தாண்டி ஒரு தடவை, இப்போது ஒன்று. ஒவ்வொரு தடவையும் திரும்பி வரும் வழியில் அடுப்படிக்குள் நுழைந்து ஒரு சொம்புத் தண்ணீரை மடக் மடக்கென்று குடித்துவிட்டுத்தான் படுக்கப் போனார்.

இதெல்லாம் ஒரு மாதமாகவே நடக்கிறது. வெயிலுக்குத் தாகமாக இருக்கும் என்று அம்மா சொர்ணலட்சுமி சொல்லியிருந்தாள், இவளும் அப்படியே நினைத்திருந்தாள். இன்று சாயங்காலம் பிரஸ்ஸில் அப்பாவின் மேஜை டிராயரைத் திறந்த பிறகுதான் எத்தனை தடவை என்று எண்ண ஆரம்பித்தாள்.

அப்பா ராஜபாண்டியனுக்குத் திருத்தங்கலில் ஒரு ஆப்செட் பிரஸ். பட்டாசுப் பெட்டி லேபிள், ஊறுகாய் பாட்டில் லேபிள், கூந்தல் தைலம், பல்பொடி என்று வருகிற ஆர்டரையெல்லாம் அடித்துக் கொடுப்பார். அடித்ததில் ஒரு எழுத்தைக்கூட நம்ப மாட்டார். கடைக்குப் போனால் பாட்டிலைத் திருப்பி லேபிளை வாசித்துவிட்டுச் சிரிப்பார். "இந்தத் தைலத்தைத் தேச்சா முடி இடுப்புக்கு வருமாம். லட்சம் லேபிள் நாந்தான் அடிச்சேன், என் மண்டையப் பாரு" என்று வழுக்கையைத் தடவிக் காட்டுவார். ஆர்டர் கொடுக்கிற பார்ட்டி என்ன போடச் சொல்கிறானோ அதைப் போடுவதுதான் நம் தொழில், உண்மையா பொய்யா என்று பார்ப்பது நம் வேலை இல்லை என்பது அவர் கட்சி.

போன மே மாதம் பிரஸ்ஸில் கம்ப்யூட்டரில் டிடிபி பார்த்துக்கொண்டிருந்த பெண் கல்யாணமாகிப் போய்விட்டாள். பதினொன்றாம் வகுப்பு முடித்து லீவில் இருந்த அனுப்பிரியா தமிழ் வேகமாக அடிப்பாள் என்று அப்பா கூட்டிப்போய் உட்கார வைத்தார். அவள் முதன்முதலில் முழுசாகச் செய்தது விருதுநகர் சண்முகவேல் அண்ணாச்சியின் கருப்பட்டி லேபிள்தான். அவர் கருப்பட்டி, பனங்கற்கண்டு, நாட்டுச்சர்க்கரை, தேன் எல்லாம் பாக்கெட் போட்டு விற்கிறவர். முன்பக்கம் பனைமரம், கம்பெனிப் பேர், எடை எல்லாம் வந்துவிட்டது. பின்பக்கம் நாலு வரிக்கு இடம் காலியாகக் கிடந்தது. வெறுமனே விட்டால் மொட்டை மொட்டையாக இருக்கிறது, உடம்புக்கு நல்லது என்று நாலு வார்த்தை போட்டுவிடு தாயி என்று சண்முகவேல் போனில் சொன்னார்.

அவள் போனில் தேடினாள். பத்துப் பன்னிரண்டு வீடியோ, அதேயளவு கட்டுரை. சீனியில் சத்து எதுவும் கிடையாது, கருப்பட்டியில் இரும்புச்சத்து உண்டு, தேனில் இன்னது உண்டு, பேரீச்சையில் இன்னது உண்டு என்று ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதி வைத்திருந்தார்கள். எது நாலு வரிக்குள் அடங்குமோ அதை எடுத்தாள்.

"இரும்புச்சத்து நிறைந்தது. இரத்தத்தைச் சுத்தமாக்கும். சர்க்கரை நோயாளிகளும் தயக்கமின்றி உண்ணலாம். தொடர்ந்து உண்டுவந்தால் மருந்தே தேவைப்படாது."

கச்சிதமாக உட்கார்ந்தது. புரூஃபை வாட்ஸ்அப்பில் அனுப்பியதும் சண்முகவேலிடமிருந்து கட்டைவிரல் வந்தது. ஓகே வந்தால் அச்சுக்குப் பிளேட்டு போட வேண்டியதுதான். அப்பா மட்டும் அந்தப் புரூஃபைத் தாளில் எடுக்கச் சொல்லி இரண்டு தடவை வாசித்தார். எழுத்துப் பிழை பார்க்கிறார் என்று அவள் நினைத்தாள்.

அந்த வாரமே வீட்டில் சீனி டப்பா காலியானது. மறுபடி நிரம்பவில்லை. கருப்பட்டிக் காப்பி, கருப்பட்டிப் பணியாரம், சாயங்காலம் பிரஸ்ஸில் வெறும் வாயில் மெல்ல ஒரு துண்டு. ஆறேழு வருடமாகச் சுகர் இருக்கிற மனிதர், இப்போதாவது சீனியை விட்டாரே என்று அம்மாவுக்கு நிம்மதி. இரண்டு மாதத்தில் அப்பாவின் தொப்பை கரைந்தது. பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை. தெருவில் பார்த்தவர்கள் அண்ணாச்சி இளந்தாரி ஆகிவிட்டீகளே என்றார்கள். அவரும் நின்று, எல்லாம் கருப்பட்டி வேலை என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆவணி பிறந்து தீபாவளி வேலை நெருக்கும் நேரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியிலிருந்து லேபிள் லோடு அப்படியே திரும்பி வந்தது. படத்தில் சிவப்பு ஒரு பக்கம், மஞ்சள் ஒரு பக்கம் விலகி நின்றது. மெஷின் ஓட்டுகிற செல்லப்பாண்டியை அப்பா மற்ற ஆட்கள் முன்னாலேயே வைதார். பதினெட்டு வருடமாக அங்கேயே இருக்கிற அவர் எதிர்த்து ஒன்றும் பேசவில்லை. இன்று சாயங்காலம் சாப்பாட்டுக் கேரியரை எடுக்கப் போன அனுப்பிரியாவிடம்தான் சொன்னார்.

"பிரியா, அப்பா கண்ணைக் கொண்டுபோய்க் காட்டச் சொல்லு தாயி. செவப்பு வெலகி நிக்கது எனக்கு வெறுங்கண்ணுக்கே தெரியுது. நான் சொன்னா, அவுக லென்ஸை வச்சுப் பாத்துட்டு சரியா இருக்குங்காக. நான் என்ன செய்ய?"

அப்பாவின் கண்ணாடிக்குப் பவர் மாற்ற வேண்டியிருக்கும், பழைய சீட்டு இருக்கிறதா என்று பார்க்கத்தான் அவள் டிராயரைத் திறந்தாள். பழைய புரூஃப் தாள்களுக்கு அடியில் சுகர் மாத்திரை அட்டைகள் இருந்தன. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. மருந்துக்கடை பில்லில் ஜூன் மாதத் தேதி. அட்டைகளுக்கு மேலே பத்திரமாக மடித்து வைத்திருந்தது அவளுடைய அந்தப் புரூஃப்.

அவள் டிராயரை மூடிவிட்டு வந்துவிட்டாள். வெளியே மெஷினில் சண்முகவேலின் கருப்பட்டி லேபிள் இரண்டாவது ஆர்டருக்குத் தாள் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ராத்திரி முழுக்க ஓடும், காலையில் லோடு போகும்.

பாத்ரூம் கதவு திறந்தது. அனுப்பிரியா எழுந்து அடுப்படிக்குப் போனாள். அப்பா சொம்போடு நின்றுகொண்டிருந்தார்.

"தூங்கலையா பாப்பா? பரிச்சையா?"

"நீங்க எத்தன தடவ எந்திரிச்சீகன்னு எண்ணிட்டு இருந்தேன்."

"இதப் போயா எண்ணுவாக" என்று சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. டிராயரைத் திறந்ததைச் சொன்னாள். ஒரு மாத்திரைகூடப் போடாமல் எப்படிப்பா இருந்தீக என்று கேட்டாள். மாத்திரையை மத்தியானம் பிரஸ்ஸில் போட்டுக்கொள்கிறேன் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருந்ததால் வீட்டில் யாருக்கும் தெரியாது என்றும், அதுதான் உடம்பு நன்றாக இளைத்துவிட்டதே, அதற்குமேல் எதற்கு மாத்திரை என்றும் அவர் சாவகாசமாகச் சொன்னார்.

"லேபிள்ல போட்டிருந்தா நம்பிருவீகளா? நீங்க ஒரு லேபிளயும் நம்ப மாட்டீகளே."

அவர் சொம்பைக் கீழே வைத்தார். "முப்பது வருசமா அடிக்கேன், ஒண்ணையாச்சும் நம்பிருக்கேனா? அதெல்லாம் பார்ட்டி எழுதிக் குடுக்கது. இது நீ எழுதுனதாச்சே. பயாலஜி படிக்கிற பிள்ள, தெரியாமயா போட்டிருப்பன்னு நெனச்சேன்."

அவள் இல்லை என்று தலையசைத்தாள்.

"நான் எழுதலப்பா. போன்ல கெடந்ததை எடுத்துப் போட்டேன். அந்த எடத்துல அளவா அடங்குச்சு, அதான் போட்டேன். பத்து நிமிசங்கூட ஆகல. நெசமான்னு நான் பாக்கவே இல்ல."

அவள் பீரோவின் மேல்தட்டிலிருந்து சுகர் பார்க்கிற கருவியை எடுத்து வந்தாள். இரண்டு வருடம் முன்பு டாக்டர் சொல்லி வாங்கியது. போன தீபாவளிக்குப் பிறகு யாரும் தொட்டதில்லை. அதில் ரத்தம் வைக்கிற பட்டைகள் பிரிக்காத ஒரு டப்பா இருந்தது. வேண்டுமென்றே அதை அவரிடம் நீட்டி, எதுவரைக்கும் தேதி போட்டிருக்கிறது என்று கேட்டாள். அவர் டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தார், தள்ளிப் பிடித்தார், கண்ணைச் சுருக்கினார்.

"எந்த பிரஸ்ல அடிச்சானோ, கறுப்பு பூரா பிசிறு அடிச்சிருக்கு" என்றார்.

அவள் வாங்கிப் பார்த்தாள். எழுத்து ஒவ்வொன்றும் ஊசியால் கீறினது மாதிரி தெளிவாக இருந்தது. இன்னும் இரண்டு மாதம் தேதி இருந்தது.

விரலைக் குத்தி ஒரு சொட்டு வைத்தாள். கருவி ஐந்து நொடி யோசித்து, நானூற்று முப்பத்தெட்டு என்று காட்டியது. அவருக்கு அந்த எண்ணும் தெரியவில்லை. எவ்வளவு என்று கேட்டார். அவள் சொன்னாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

"எனக்குப் பயமா இருக்குப்பா. நான் போட்டதுனால உங்களுக்கு எதாச்சும் ஆயிருமோன்னு."

சத்தம் கேட்டு அம்மா எழுந்து வந்தாள். விஷயத்தைக் கேட்டவள் மகளை ஒன்றும் சொல்லவில்லை, புருஷனைத்தான் பிடித்தாள். "ஊருக்கெல்லாம் வைத்தியம் சொல்லிட்டுத் திரிஞ்சீகளே. நானும் நீங்க இளைச்சதப் பாத்துட்டு, பக்கத்து வீட்டுக்காரிக்கு ரெண்டு பாக்கெட் வாங்கிக் குடுத்தேனே" என்றாள். சொல்லிக்கொண்டே மணிபர்ஸையும் பழைய மருத்துவச் சீட்டுகளையும் பைக்குள் போட்டாள். காலையில் போய்க்கொள்ளலாம் என்று அப்பா இழுத்தார். அனுப்பிரியா அதற்குள் ஆட்டோவுக்குப் போன் போட்டிருந்தாள்.

சிவகாசி ஆஸ்பத்திரியில் இரவுப் பணியில் இருந்தது ஒரு இளம் டாக்டரம்மா. மறுபடி ரத்தம் எடுத்தார், சிறுநீர் பார்த்தார், சலைன் ஏற்றி இன்சுலின் போடச் சொன்னார். நல்ல வேளை, இதற்குமேல் முற்றவில்லை, இன்னும் பத்து நாள் விட்டிருந்தால் நினைவு தப்பித்தான் வந்திருப்பார் என்றார். உடம்பு இளைத்தது கருப்பட்டியால் இல்லை, சாப்பிடுகிறது உடம்பில் ஒட்டாமல் சிறுநீரில் போனதால். கண் மங்கலும் அதனால்தான், சுகர் இறங்கினால் சில வாரத்தில் தெளியும், இல்லாவிட்டால் கண் டாக்டரிடம் போக வேண்டும். அப்புறம்தான் மாத்திரையை ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டார்.

அனுப்பிரியா தரையைப் பார்த்தாள். அப்பா படுத்தபடியே கையைக் காட்டினார்.

"எம் மக எழுதிருந்தா. பன்னெண்டாவது படிக்கா, பயாலஜி."

அதில் குற்றம் சொல்கிற தொனியே இல்லை. பெருமைதான் இருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்க முடியவில்லை. டாக்டரம்மா அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் லேபிள் விஷயத்தை முதலிலிருந்து சொன்னாள். கருப்பட்டி கெட்டதா என்றும் கேட்டுவிட்டாள்.

"கெட்டதுன்னு யாரு சொன்னா? சுகர் இல்லாதவுக சீனிக்குப் பதிலா கொஞ்சம் போட்டுக்கிடலாம். இரும்பு அது இதுன்னு கொஞ்சம் இருக்கு, சீனியில அதுவும் இல்ல. ஆனா கருப்பட்டியில முக்கால்வாசிக்கு மேல இருக்கது சர்க்கரைதான். தேனும் நாட்டுச்சர்க்கரையும் அந்த ரகந்தான். பேரீச்சம்பழத்துல நாரு இருக்கு, அதுலயும் இனிப்பு இனிப்புதான். எதுவும் மாத்திரைக்குப் பதிலு கிடையாது."

டாக்டரம்மா அடுத்த கட்டிலுக்குப் போனதும் அப்பா கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்தபோது, செல்லப்பாண்டிக்குப் போன் போடு என்றார். போட்டு அவர் காதில் வைத்தாள். மெஷின் ஓடுகிற சத்தம் இவளுக்கே கேட்டது.

"செல்லப்பாண்டி, கருப்பட்டி லேபிள் எம்புட்டு ஓடிருக்கு? சரி. நிறுத்திரு. பிளேட்டை எறக்கிரு. ஓடினதைத் தனியா கட்டி வையி, வெளிய போகக் கூடாது. சண்முகவேலுகிட்ட நான் பேசிக்கிடுதேன்." கொஞ்சம் நிறுத்தி, "அன்னைக்கு லோடு விசயத்துல நீ சொன்னதுதான் சரி. எனக்குக் கண்ணு தெரியல" என்றார்.

மெஷின் சத்தம் நின்றது. அப்பா போனைக் கொடுத்துவிட்டு, பேனா இருக்கிறதா என்று கேட்டார்.

"அதே எடம். நாலு வரி. இப்ப நீ எழுது."

அவள் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதினாள், அடித்தாள், மறுபடி எழுதினாள். வாசித்துக் காட்டியதும், நீளம், ஒரு வரி கூடுகிறது என்றார் அப்பா. இரும்புச்சத்து வரியைக் குறைத்தாள். மிஞ்சியது இதுதான்: "சிறிதளவு இரும்புச்சத்து உள்ளது. இதுவும் சர்க்கரைதான். சர்க்கரை நோயாளிகள் அளவாக உண்ணலாம். மருந்துக்கு மாற்று அல்ல."

"சண்முகவேல் அண்ணாச்சி இதுக்கு ஓகே குடுப்பாகளா?"

"குடுக்கலன்னா எடத்தைக் காலியா விட்ருவோம். மொதல்ல டாக்டரம்மாகிட்ட ஓகே வாங்கிட்டு வா. அப்பறம் பிளேட்டு."

அவள் சீட்டை எடுத்துக்கொண்டு போனாள். டாக்டரம்மா நின்றபடியே வாசித்தார். மூன்றாவது வரியில் 'அளவாக உண்ணலாம்' என்பதை அடித்துவிட்டு, மேலே 'மருத்துவரைக் கேட்டபின் உண்ணவும்' என்று எழுதிக் கொடுத்தார். அளவு என்றால் ஆளாளுக்கு ஒரு அளவு வைத்திருப்பார்கள் என்றார்.

திரும்பி வந்தபோது அம்மா கட்டில் காலில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அப்பா சீட்டை வாங்கினார். கண்ணுக்கு அருகே கொண்டுபோனார், கை எட்டுகிற மட்டும் தள்ளிப் பிடித்தார். பிறகு அவளிடமே நீட்டினார்.

"நீயே வாசி. நிறுத்தி வாசி."

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லாக வாசித்தாள்.